போய்ச் சேருமட்டும்

1

வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது வீட்டுக்குள் பொச்சு எரிந்துகொண்டிருந்தது.

அப்படித்தான் மூக்கு சொன்னது. தேங்காய்ப் பொச்சு. அரைகுறையாகக் காய்ந்தது. பின்னேரங்களில் நுளம்புக்காகப் பழைய சட்டியில் போட்டு மூட்டுவோமே, அது. சுவாலை விடாமல் உள்ளுக்குள்ளேயே கனன்று, கண்ணுக்குள்ளும் தலைமயிருக்குள்ளும் புகுந்து, அடுத்தநாள் வகுப்பில் பக்கத்தில் இருப்பவள் முகர்ந்து பார்த்துச் சிரிக்கும் அந்தப் புகை. மொன்றியலின் மேற்கே, பியர்பொன்ட்ஸில், கம்பளம் விரித்த படிக்கட்டின் அடியில் சப்பாத்தைக் கழற்றவும் மறந்து நான் நின்றேன். இத்தனை வருடமும் அந்த மணம் எனக்குள்தான் இருந்திருக்கிறது. வாடகை கொடுக்காத ஆள்போல, சத்தம்போடாமல்.

அடுத்த கணம் மேல்மாடியில் புகை அலாரம் அலறியது.

"சின்னம்மா! ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை! துவாய் ஒண்டு கொண்டு ஓடி வாங்கோ!"

ஓடினேன். கதிரையில் ஏறி நின்று அலாரத்தைக் கையால் விசிறிக்கொண்டிருந்தாள் ஆரபி, என் அக்காவின் மகள். நியூ ஜேர்சியில் பிறந்து வளர்ந்த அமெரிக்கப் பிள்ளை. வெர்மொன்ட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் மண்ணைப் பற்றிப் படித்துவிட்டு, மிச்சப் படிப்பை இங்கே மாற்றிக்கொள்வதென்று வந்திருந்தாள். மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள விவசாய வளாகத்தில் படிப்பு. எங்கள் வீட்டில் இருப்பு. குடும்பத்தில் எல்லோரும் கூடிப் பேசி முடித்த விஷயம் அது. அப்படித்தான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

"வீட்டுக்குள்ள என்னடி எரிக்கிறாய்?"

"மண், சின்னம்மா."

"மண் எரியுமே?"

"இது அயர்லாந்து மண். எரியும்."

மேசையில் ஒரு சோசர். அதன்மேல் விரல் நீளத்தில் கறுத்த துண்டு ஒன்று, சாம்பிராணிக் கட்டியைப்போல நுனியில் சிவந்து புகைந்தது. பங்குனி விடுமுறையில் சிநேகிதியோடு அயர்லாந்து பார்க்கப் போனபோது வாங்கி வந்ததாம். சதுப்பில் விழுந்த பாசியும் புல்லும் தண்ணீருக்குள்ளேயே கிடந்து, உக்கவும் முடியாமல் உயிர்க்கவும் முடியாமல் ஆயிரமாயிரம் வருடம் அமுங்கி அமுங்கி இப்படி ஆகுமாம். அதை வெட்டி, காயவைத்து, அடுப்பில் போடுவார்களாம்.

"பொச்சு மாதிரி மணக்குது" என்றேன்.

"பொச்சு எண்டா?"

சொன்னேன். அவள் குனிந்து புதிதாக ஒருமுறை முகர்ந்து பார்த்தாள். அலாரம் ஓய்ந்தது. கதிரையில் இருந்து இறங்காமலே சொன்னாள்:

"சின்னம்மா, ஒரு கதை சொல்லோணும். அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லு."

"அங்க போய்ப் படிக்கலாமோ எண்டு யோசிக்கிறன்."

"எங்க?"

"அயர்லாந்தில. கோல்வேயில."

துவாயைக் கையில் வைத்துக்கொண்டு நான் கட்டிலில் இருந்துவிட்டேன்.

"போறன் எண்டு சொல்லேல்ல, சின்னம்மா. யோசிக்கிறன். யோசிக்கிறன், அவ்வளவுதான்."

2

அவள் நின்ற அறை என் மகன் நிதனுடையது. அவன் கியூபெக் நகரத்துக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அங்கே வேலை, அங்கே ஒரு பெண், அங்கே ஒரு நாய். நான் தொலைபேசியில் தமிழில் கேட்பேன். அவன் பிரெஞ்சில் பதில் சொல்வான். இடையில் நாய் குரைக்கும். மூன்றில் எனக்கு முழுதாக விளங்குவது நாய்தான்.

நான் ஒரு கார்டெரியில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், சமைக்கிறேன். "பொன்ஜூர், ரான்ஜி!" என்று கரட் ஒட்டிய வாயோடு பிள்ளைகள் கத்துவார்கள். என் பெயர் ரஞ்சி. அவர்களுடைய வாயில் அது கொஞ்சம் நீளமாகவும் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கும். இவருக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை. தினமும் தீவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடந்து போய்த் திரும்பி வருகிறவருக்கு, வீட்டுக்கு வரும்போது சொல் எதுவும் மிஞ்சியிருக்காது. சோறு, செய்தி, நித்திரை. நானும் அந்த அமைதிக்குப் பழகிவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

பிறகு ஆரபி ஆனியில் வந்தாள். அமெரிக்க நாக்கோடு "ஓம்" என்றாள். "என்ன சமைச்சனீங்கள்?" என்று படிக்கட்டிலிருந்தே கத்தினாள். பஸ் ஏறிப் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்வந்தாள். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு என் பின்னாலேயே அறை அறையாக வந்து கதைத்தாள். பனி கரைந்த பிறகு ஆறு தன் சத்தத்தைக் கண்டுபிடிக்குமே, அதுபோல இந்த வீடு தன் குரலைக் கண்டுபிடித்தது.

அறைக்கு நிறம் அவள் தெரிவுசெய்தது: நனைந்த மணல். இவர் ஆனியிலேயே மூன்று சுவரைப் பூசினார். நாலாவதில் நின்றுவிட்டார். கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒரு சாட்டு: இன்றைக்குத் தோள் நோகிறது. இந்தக் கிழமை ஓவர்டைம். தூரிகை காய்ந்துவிட்டது.

"மூண்டு சுவர் பூசின ஆளுக்கு நாலாவது என்ன, இமயமலையே?" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கராஜுக்குப் போனார். சோம்பல் என்று நினைத்தேன்.

அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் இங்கே படிக்க மாகாணத்தின் சான்றிதழ் ஒன்று வேண்டும், கனடாவின் அனுமதி ஒன்று வேண்டும். முதலாவது இல்லாமல் இரண்டாவதை வாய் திறந்து கேட்கக்கூடாது. இதையெல்லாம் நான்தான் விசாரித்தேன். கார்டெரியில் பிள்ளைகள் நித்திரை கொள்ளும் நேரத்தில் சமையலறை மூலையில் நின்று, காதோடு தொலைபேசியை ஒட்டி, ஒரே பியானோத் துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் ஒரு பெண் எடுத்து, யாருக்கு என்று கேட்டாள். அக்காவின் மகள் என்பதற்குப் பிரெஞ்சுச் சொல் அந்த நேரம் பார்த்து வரவில்லை. "என் மகளுக்கு" என்றுவிட்டேன். திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அந்தச் சொல் வாய்க்குள் அன்று முழுக்க இனித்துக்கொண்டு கிடந்தது.

"ஆரபி, அந்த விண்ணப்பம் போட்டாச்சோ?"

"பேந்து போடுறன், சின்னம்மா."

"பேந்து பேந்து எண்டு புரட்டாதி வந்திடும்."

"பிந்தினாத் தை மாசம் தொடங்கலாம். அப்பிடியும் எடுப்பினம்."

3

அந்தக் கோடை முழுவதும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து யோசித்தோம். இப்போது அந்தச் சொல்லை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நான் உண்மையாகவே யோசித்தேன். மரக்கறி வெட்டும்போது, பஸ்ஸில், உடுப்பு மடிக்கும்போது, எனக்கு ஒருநாளும் சொந்தமில்லாத ஒரு நாட்டைப் பற்றி யோசித்தேன்.

"அங்க இவ்வளவு நாள் படிச்சதை எடுப்பினமே?"

"எல்லாத்தையும் எடுக்கமாட்டினம். இரண்டாம் வருசத்தில இருந்து திருப்பித் தொடங்கோணும்."

"அப்ப ஒரு வருசம் வீண்."

"மண்ணுக்கு ஒரு வருசம் ஒண்டுமில்லை, சின்னம்மா."

"நீ மண் இல்லை. நீ என்ர அக்காவின்ர மகள். இருக்க இடம் கிடைக்குமே?"

"அதுதான் சரியான கஷ்டமாம். சில பிள்ளையள் தூரத்துக் கிராமத்தில இருந்து பஸ்ஸில வருகினமாம்."

"இங்க கட்டில் இருக்கு. மூண்டு சுவர் இருக்கு."

சிரித்தாள். எந்நேரமும் மழையாம் என்றேன். மழை இல்லாவிட்டால் அந்தச் சதுப்பே இல்லை என்றாள். கார்டெரிக்கு வரும் ஒரு பிள்ளையின் தகப்பனிடம் விசாரித்து, அந்தச் செய்தியைத் துருப்புச் சீட்டாக ஒருநாள் மேசையில் போட்டேன்.

"கியூபெக்கில இந்தச் சதுப்பு நிலம் தாராளமாக் கிடக்காம். அங்க போய்ப் பாக்கிறதை இங்க இருந்தே பாக்கலாமாம்."

"ஓம். அங்கத்தையைவிட இங்க கூட."

"பேந்தென்ன?"

"இங்க நீங்கள் இருக்கிறியள்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு சட்டி கழுவும்போது அந்த வசனத்தைத் திருப்பிப் பார்த்தேன், மற்றப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை அவளைச் சென்ட்-ஆனுக்குக் கூட்டிப் போனேன். கால்வாயோரப் பலகைப் பாதையில் ஐஸ்கிறீம் தின்றோம். படகுகள் மதகுக்குள் வந்து நின்று, தண்ணீர் உயரும்வரை பொறுமையாகக் காத்திருந்தன. வளாகத்தில் மாட்டுச் சாணமும் வெட்டிய புல்லும் மணந்தன. பாத்தி ஓரத்தில் குந்தி, ஒரு விரல் மண்ணை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, அவள் முகர்ந்தாள். மண்ணைத் தொட்டுவிட்டாள், இனி இங்கேதான் என்று நான் நினைத்தேன். பயணம் போகிறவர்களும் மண்ணைத் தொட்டுப் பார்ப்பார்கள் என்பது அப்போது தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா எடுப்பாள். நான் சமைக்கிற நேரம் பார்த்துத்தான் எடுப்பாள்.

"பிள்ளை பதிஞ்சிட்டாளோ?"

"ஓம் அக்கா, பதிஞ்சிட்டாள்."

"அனுமதி எல்லாம்?"

"வருது, வருது. இங்கத்தையான் கந்தோருகள் தெரியுந்தானே."

"அறை பூசி முடிஞ்சுதோ?"

"ஒரு சுவர்தான் மிச்சம்."

அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன அமைதி விழும். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்பேன். சொந்த அக்காவிடம் கிழமைக்குக் கிழமை பொய் சொல்கிறேனே என்று பிறகு நெஞ்சு இடிக்கும். அந்த இடிப்புக்குள்ளும் ஒரு பெருமை இருந்தது. இந்தக் குடும்பத்தில் ஒரு விஷயத்தை முதல்முதலாக எனக்குத்தான் ஒருத்தி சொல்லியிருக்கிறாள்.

4

அந்தப் பெருமை ஏன் அவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டும்.

போர்க்காலத்தில் எங்கள் வீடுகளில் பயணம் என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்வதில்லை என்பது, அங்கே இருந்து பத்திரிகையில் என் எழுத்தை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுக்குப் போகிறவர் கொழும்புக்குக் கண்ணாடி மாற்றப் போவார், பல்லுப் பிடுங்கப் போவார், ஒரு கலியாண வீட்டுக்குப் போவார். சின்னப் பைதான் கொண்டுபோவார். காவலரணில் கேட்டாலும் அதுதான், அயல்வீட்டில் கேட்டாலும் அதுதான். ஆமிக்குப் பயம், ஏஜென்சிக்காரன் பிடிபடுவான் என்ற பயம், எல்லாவற்றுக்கும் மேல் கண்ணூறு. போய்ச் சேருமட்டும் சொல்வதில்லை.

அக்கா கண்ணாடி மாற்றத்தான் போனாள்.

பொச்சு புகைந்துகொண்டிருந்த பின்னேரம். கொழும்புக்குப் போகிற வான் வாசலில் நின்றது. எனக்குப் பதினைந்து வயதிருக்கும். அப்போது மடிக்கிற குடை புதிது. எங்கள் வகுப்பில் ஒருத்தியிடம் மட்டும் இருந்தது. அமத்தினால் பூப்போல விரியும்.

"அக்கா, கொழும்பில எனக்கொரு மடிக்கிற குடை."

"என்ன நிறம்?"

"நீலம். பூப் போட்டது."

"சரி" என்றாள். நிறம்கூடக் கேட்டாளே. அதைத்தான் என்னால் இன்றுவரை கடக்க முடியவில்லை. பொய்யை அவ்வளவு விபரமாகச் சொல்லத் தேவையில்லை.

ஒவ்வொரு பின்னேரமும் வான் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடினேன். பிறகு ஒருநாள் சாப்பிடும்போது ஐயா, சோற்றைப் பிசைந்துகொண்டே, "கொக்கா போய்ச் சேர்ந்திட்டாள்" என்றார். எங்கே என்று கேட்டேன். அமெரிக்கா என்றார். அம்மா நிமிரவில்லை. அம்மாவுக்குத் தெரியும். வான்காரருக்கும் தெரிந்திருந்தது. பால் கொண்டுவருகிற மனிசிக்குக்கூடத் தெரிந்திருந்தது.

"எனக்கு மட்டும் ஏன் சொல்லேல்ல?"

"உன்ர வாய்க்குப் பயந்துதான்" என்றார் ஐயா, பாசமாகவே.

பல வருடங்களுக்குப் பிறகு என் முறை வந்தபோது, என் சொந்தப் பயணத்தையே முதல்நாள்தான் எனக்குச் சொன்னார்கள்.

5

ஆவணிக் கடைசியில் அக்காவும் அத்தானும் நியூ ஜேர்சியிலிருந்து காரில் வந்தார்கள். பிள்ளையைக் குடியிருத்திவிட்டுப் போக வருகிறோம் என்றார்கள். எல்லையில் கறிவேப்பிலையைப் பறித்துவிட்டார்கள் என்று அக்கா படியேறும்போதே அமெரிக்காவையும் கனடாவையும் சேர்த்துத் திட்டினாள்.

பதிவும் இல்லை, அனுமதியும் இல்லை. நான் சொன்னதெல்லாம் பொய் என்று இன்றைக்குத் தெரியப்போகிறது. அவள் கண்டுபிடிக்க முன் நானே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து, மற்றவர்கள் வெளியே நிற்கிற நேரம் பார்த்துக் குசினிக்குள் போனேன்.

அக்கா சாப்பாட்டு மேசையில் மிளகாய்த்தூள் கட்டிக்கொண்டிருந்தாள். வறுத்து இடித்த கறித்தூள், நாலு பை. ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அமத்தித் தட்டையாக்கி, காற்றை வெளியேற்றி, வாயை ஒட்டி, இன்னொரு பைக்குள் போட்டு, பேப்பரால் சுற்றி, டேப்பை இழுத்து இழுத்து ஒட்டினாள்.

"அக்கா, உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லோணும்."

"சொல்லு. அதுக்கு முதல் உன்ர தராசை ஒருக்கா எடுத்துக்கொண்டு வா."

குளியலறைக்குப் போய், ஆள் நிறுக்கிற தராசைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றபோதுதான் கண்டேன். உடனே தெரிந்தது. வெளிநாட்டில் வாழ்கிற எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் தெரியும், அப்படி எப்போது கட்டுவோம் என்று.

"அக்கா, உந்தத் தூள் ஆருக்கு?"

"பிள்ளைக்குத்தான். வேற ஆருக்கு?"

"இந்த வீட்டில என்ர தூள் இருக்கு. என்ர அடுப்பில சாப்பிடப்போற பிள்ளைக்கு ஏன் பிளேனுக்குக் கட்டுற மாதிரிக் கட்டுறியள்?"

டேப்பின் சத்தம் நின்றது.

"எடி ரஞ்சி, முதல்ல அந்தத் தராசைக் கீழ வை."

"சொல்லுங்கோ."

"கோவிக்காதை. நாளைக்கு அவளுக்குப் பிளேன்."

இவர் அப்போது பின்கதவால் வந்தார். ஒன்றும் அறியாமல், "நாளைக்கு நான் லீவு போட்டனான். மத்தியானத்துக்குப் பிறகு வெளிக்கிட்டாக் காணும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு தராசைப் பார்த்தார்.

"நாலாவது சுவர்" என்றேன்.

"தெரிஞ்சாப் பிறகு, இருக்காத பிள்ளைக்கு ஏன் பெயின்ற் எண்டு..." என்று தொடங்கி, முடிக்காமல் வந்த வழியே போய்விட்டார்.

"எப்ப இருந்து தெரியும், அக்கா?"

"சித்திரையில இடம் கிடைச்சது."

சித்திரை. அவள் என் வீட்டுக்கு வருமுன்பே. பொச்சுப் புகை மணந்த அந்தப் பின்னேரத்துக்கு முன்பே.

"அப்ப 'யோசிக்கிறன்' எண்டு என்னட்ட ஏன் சொன்னவள்?"

"சின்னம்மாவுக்கு ஒண்டும் சொல்லாமல் அந்த வீட்டில இருக்க ஏலாது எண்டு ஒரே அழுகை. சரி, யோசிக்கிறன் எண்டு மட்டும் சொல்லு எண்டு நான்தான் சொல்லிக் குடுத்தனான். அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் எண்டும் சொல்லு, அப்பத்தான் சின்னம்மா வாயைக் கட்டுவா எண்டும்." அக்காவின் வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "நீ ஒவ்வொரு ஞாயிறும் 'பதிஞ்சிட்டாள் அக்கா, பதிஞ்சிட்டாள்' எண்டு சொல்லேக்க அத்தான் ஸ்பீக்கரில கேட்டிட்டு வெளியில போய்ச் சிரிப்பார். உண்மையாச் சொல்லுறன், நீ இப்பிடி ஒரு விஷயத்தைக் காப்பாத்துவாய் எண்டு நான் நினைக்கேல்ல. திருந்தியிட்டாய்."

அந்தச் சின்ன அமைதிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. தொடர்பு அறுந்துவிட்டதென்று நான் "ஹலோ, ஹலோ" என்று கத்திய அமைதிகள். அங்கே ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா எழுதிப்போடுவாய்."

"என்ன?"

"எழுதுவாய்தானே. பேப்பரில வரும். ஊரில இருக்கிற ஆக்கள் வாசிப்பினம். இன்னாற்ற பேத்தி அயர்லாந்துக்காம் எண்டு வாய் வைப்பினம். போய்ச் சேருமட்டும் சொல்லுறேல்லை. எங்கட வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாதே?"

"அப்ப நான் வீட்டு ஆள் இல்லையோ?"

"நீ வீட்டு ஆள்தான். உன்ர பேனைதான் பிறத்தி."

என் வாழ்நாளில் அக்காவை நான் ஒருமையில் அழைத்ததில்லை. அன்று அழைத்தேன்.

"நீ அண்டைக்கும் இப்பிடித்தான் போனனீ."

அவள் கோபிக்கவில்லை. டேப்பை எடுத்து, விட்ட இடத்தை நகத்தால் தேடிக்கொண்டு சொன்னாள்: "அண்டைக்குச் சொல்லியிருந்தா நான் போய்ச் சேர்ந்திருக்கமாட்டன். இவளும் இல்லை."

இருக்கலாம். ஆனால் சொல்ல வேறொன்று இருந்தது. அதைச் சொன்னேன்.

"அண்டைக்கு ஆமி நிண்டது, அக்கா. இண்டைக்கு இந்த வீட்டில ஆருக்கு ஒளிச்சனீங்கள்? என்னைத் தவிர ஆர் இருக்கினம்?"

டேப் மறுபடியும் கிறீச்சிட்டது. நாலாவது பையைக் கட்டத் தொடங்கிவிட்டாள்.

6

ஆரபி அறையில் இருந்தாள். பெட்டி திறந்து கிடந்தது. பிரெஞ்சு வகுப்புக் கொப்பியை மேசையில் விட்டிருந்தாள், கொண்டுபோக மாட்டாள். இரண்டு மாதம் பஸ் ஏறிப் போய்ப் படித்த பிரெஞ்சு. அதுவும் எனக்காகப் போட்ட வேடமா, உண்மையாகவே படித்தாளா என்று கேட்க நினைத்தேன். எந்தப் பதிலை நம்புவது என்று தெரியாததால் கேட்கவில்லை.

"அம்மா சொல்லிப்போட்டாவோ?" என்றாள்.

"தூள் சொன்னது."

அவளுக்கு விளங்கவில்லை. கட்டிலில் இடம் விட்டாள். நான் இருக்கவில்லை, பூசாத சுவரில் சாய்ந்து நின்றேன்.

"நான் வேணுமெண்டு செய்யேல்ல, சின்னம்மா. போகமுதல் ஒரு கோடையாவது உங்களோட இருக்கோணும் எண்டு நான்தான் கேட்டு வந்தனான். அது பொய் இல்லை."

"அப்ப சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மறிப்பியள்."

"மறிச்சா?"

"மறிச்சா நிண்டிடுவன்." கண் கலங்கியது. "அதுதான் பயம்."

எவ்வளவு அழகான வசனம். வேறொரு நாளில் என்றால் அந்த ஒன்றுக்காகவே எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன். ஆனால் அந்த நேரம், இதையும் அக்காதான் சொல்லிக் கொடுத்தாளோ என்று ஒரு யோசனை ஓடியது. ஏமாந்ததில் மிகப் பெரிய இழப்பு இதுதான். சொன்ன பொய்கள் போகட்டும். அவற்றோடு சேர்ந்து, சொன்ன உண்மைகளும் கைவிட்டுப் போகின்றன. "இங்க நீங்கள் இருக்கிறியள்" என்றாளே, அது எந்தப் பக்கம்? உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்த அந்த மண்? என் மகள் என்று நான் தொலைபேசியில் சொன்னதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது நானாக விழுந்த குழி.

மேசையில் சோசர் இருந்தது. அதில், இடைக்கிடை அவள் யன்னலைத் திறந்துவைத்து மூட்டுகிற கறுத்த துண்டு பாதி எரிந்து கிடந்தது. அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அறையைத் திறந்தால் திரைச்சீலை மணக்கிறது. இவர் நாலாவது சுவரைப் பூசட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன்.

7

டோர்வல் விமான நிலையத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து தூரமில்லை. வழியில் ஒரு டெப்பனரில், மூலைக்கு மூலை இருக்கிற அந்தச் சின்னக் கடைகளில் ஒன்றில், பால் வேண்டும் என்று பொய் சொல்லிக் காரை நிறுத்தச் சொன்னேன். குடும்பத்தில் எல்லோரும் சொல்லும்போது நானும் ஒன்று சொல்லலாம். கல்லாவுக்குப் பக்கத்தில் மடிக்கிற குடைகள் தொங்கின. நீலம் இருந்தது. பூப்போட்டது இல்லை.

பெட்டி நிறுத்தார்கள். தூள் நாலு பையும் கணக்குக்குள் அடங்கியது. அக்கா வெற்றி பெற்ற முகத்தோடு அத்தானைப் பார்த்தாள். பாதுகாப்பு வாசலுக்கு முன்னால், எல்லோரும் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றோம். நான் குடையை எடுத்து ஆரபியிடம் நீட்டினேன்.

"அங்கத்தைக் காத்துக்கு உது நிக்காதாம், சின்னம்மா" என்றாள். என்றாலும் வாங்கி, அமத்தி, விரித்து, அந்தக் கூரையின் கீழேயே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"உது என்னத்துக்கு இப்ப? நான் நல்ல மழைச் சட்டை வாங்கிக் குடுத்திட்டன்" என்றாள் அக்கா.

அவள் முகத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. நீலக் குடையைப் பார்த்து, அன்று வாசலில் நின்ற ஒரு சின்னப் பெண்ணை நினைக்கிற முகம் இல்லை அது. பேச்சுக்காகச் சொன்ன பொய் என்றாலும், சொன்னவளுக்கு அது ஞாபகத்திலாவது இருக்கும் என்று நம்பியிருந்தேன்.

ஆரபி தகப்பனைக் கட்டிக்கொண்டாள், தாயைக் கட்டிக்கொண்டாள், இவரிடம் கை கொடுத்துவிட்டுப் பிறகு அவரையும் கட்டிக்கொண்டாள். கடைசியாக என்னிடம் வந்தாள். அவளுடைய தலைமயிரில் இன்னும் அந்தப் புகை இருந்தது.

"கோவமே, சின்னம்மா?"

"ஓம்."

தலையை ஆட்டினாள். பிடியை விடவில்லை. மற்றவர்களுக்குக் கேட்காமல், என் காதுக்குள் கேட்டாள்:

"இதை எழுதப்போறியளோ?"

அவளுடைய தோளுக்கு மேலால் அக்கா எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யோசிக்கிறன்" என்றேன்.